வோரன் கண்ணாடி வாசலைக் கடந்த பிறகு

அக்டோபர் 5, ஞாயிறு

காலைத் திருப்பலி. பிரசங்கம் நீளம், விஷயம் குறைவு. பாடகர் குழு சுருதி இறங்கியே பாடியது. பங்குத்தந்தைக்குச் சொல்ல வேண்டும். திரும்பும் வழியில் முருங்கைக்காய், கீரை, குக்கர் கேஸ்கட். வீட்டுக்கு வந்து பார்த்தால் கேஸ்கட் அளவு தவறு.

மாலை ஏழு மணிக்கு ‘விண்மகுடம்’. ஏதோ வெளிநாட்டுத் தொடர், தமிழில் பேசவைத்து ஒளிபரப்புகிறார்கள். மந்திரத்தால் ஓடும் விண்கப்பல், மூன்று நிலவுகள், கண்ணாடிக்குள் வாழும் ஒரு சூனிய ராணி. விஞ்ஞானக் கதையா மாயக் கதையா என்று எடுத்தவர்களுக்கே முடிவு இல்லை. தமிழ் அதைவிட மோசம். ஆயிரம் ஆண்டு உறங்கி எழுந்த அரசி தன் மகனிடம் “உன்னை ரொம்ப மிஸ் பண்ணினேன்” என்கிறாள்.

கீழே மாவுக்கடை வைத்திருக்கும் கோமளா வழக்கம்போல் பார்க்க வந்தாள். அவள் வீட்டுப் பெட்டி கிரிக்கெட்டின் வசம்.

“ஆன்ட்டி, வோரன் வந்துட்டாரா?”

வோரன் என்பது கப்பலின் கிழத் தளபதி. வெண்தாடி, ஒற்றைக் கண், கடலடிப் பாறை புரள்வது போன்ற குரல்.

“இந்தாளு பேசுனா எங்க கடை கிரைண்டர்கூட நின்னு கேக்கும் ஆன்ட்டி.”

அந்தக் குரல் என் கணவருடையது.

இதை ஒரு தகவலாக மட்டும் எழுதிவைக்கிறேன். பள்ளி விடுதியில் எங்களுக்கு நாட்குறிப்பு எழுதக் கற்பித்த மதர், நடந்ததை எழுது, நினைத்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல் என்பார். நடந்தது இது: ஞானப்பிரகாசம் ஆகஸ்டில் இறந்தார். அவர் குரல் கொடுத்த ஸ்டூடியோவில் ஒளிபரப்புக்கு வெகு முன்பாகவே பேசி முடிப்பது வழக்கம். எனவே குரல் இன்னும் வருகிறது. எந்த வாரம் வரை பேசியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கப்போவதும் இல்லை.

கோமளாவுக்குத் தெரியாது. வீட்டில் அவருக்கு இருந்தது நூல் போன்ற குரல். பால்காரரைக் கூப்பிட்டால் பால்காரர் திரும்ப மாட்டார். இந்தக் கட்டிடத்தில் அவரை ‘தனியார் கம்பெனியில் இருந்தவர்’ என்றே அறிவார்கள். அப்படிச் சொன்னது நான். அதில் பொய் இல்லை. ஸ்டூடியோவும் தனியார் கம்பெனிதான்.

தொடர் முடிந்ததும் பெயர்கள் ஓடின. நாய்க்குப் பயிற்சி கொடுத்தவரின் பெயர்கூட இருக்கிறது. தமிழில் பேசியவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. இதைப் பற்றி எழுதிப்போடலாம். யாருக்கு எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

ஆக்சிஜன் மெஷினை வாடகைக் கடைக்காரர்கள் இன்றுதான் எடுத்துப்போனார்கள். இழுத்துச் சென்ற இடத்தில் தரையில் கோடு. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தும் போகவில்லை.

மெஷின் வந்த நாளிலிருந்து அவர் அறைக்கதவு மூடியே இருந்தது. அதன் இரைச்சலில் எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை என்பதால் அவரே மூடிக்கொள்ளச் சொன்னார். இப்போது திறந்து வைத்திருக்கிறேன், காற்றோட்டத்துக்காக.

உறக்கம் இப்போதும் பிடிப்பதில்லை.

அக்டோபர் 9, வியாழன்

கேஸ்கட் மாற்றியாயிற்று.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்றைய பகுதியில் ஒரே ஒரு நல்ல வசனம். கண்ணாடி வாசலுக்கு முன்னால் கப்பல் நிற்கிறது. உள்ளே போன எவரும் திரும்பியதில்லை. இளம் மாலுமிப் பெண் தடுக்கிறாள். வோரன் அவள் தலையில் கைவைத்து, “அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யாரும் வந்து சொன்னதில்லை. அதனால்தான் நான் முதலில் போகிறேன்” என்கிறார். பிறகு வாசலுக்குள் நடக்கிறார். திரை முழுக்க வெள்ளை. விளம்பரம்.

விளம்பரம் முடிந்து வோரன் மறுபுறம் வெளியே வந்தார். அதே தாடி, அதே கண். “எல்லோரும் பத்திரமா?” என்றார்.

வேறு குரல்.

கோமளா சோபாவிலிருந்து எழுந்தே விட்டாள். “ஆன்ட்டி! இது வோரன் இல்ல!”

“பேசியவர் மாறியிருப்பார். உட்கார்.”

“நடு எபிசோட்ல எந்தக் கிறுக்கனாவது ஆளை மாத்துவானா? கதை ஆன்ட்டி இது. உள்ள போனவரு வேற, வெளிய வந்தவன் வேற. அந்தக் கண்ணாடிக்காரி நம்மாளைப் புடிச்சு உள்ள வெச்சுக்கிட்டு டூப்பை அனுப்பிட்டா.”

“அப்படியெல்லாம் இருக்காது.”

“பாத்துக்கிட்டே இருங்க, கடைசி எபிசோட்ல நெஜ வோரன் கண்ணாடிய ஒடச்சிக்கிட்டு வரப்போறாரு.”

“வர மாட்டார், கோமளா.”

“என்னா ஆன்ட்டி, கதையெழுதினவர் மாதிரி சொல்றீங்க?”

தேநீர் ஆறிவிட்டது. சூடுபண்ணப் போனேன். சமையலறையில் கொஞ்ச நேரம் வேலை இருந்தது. திரும்பி வந்தபோது தொடர் முடிந்திருந்தது. கோமளா தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

வளர்மதி தொலைபேசினாள். பத்தாம் வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவள், இப்போது ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்புக்கு ஆசிரியை. வாராவாரம் அவள் பத்திரிகையின் பிழைகளைக் குறித்து அனுப்புகிறேன். நன்றி என்று ஒரு வரி வரும், பிழைகள் மறுவாரமும் வரும்.

“மிஸ், சாரைப் பத்திக் கேள்விப்பட்டேன். வர முடியாமப் போயிடுச்சு.”

“பரவாயில்லை. விஷயத்தைச் சொல்.”

“‘விண்மகுடம்’னு ஒரு சீரியல் மிஸ். பாத்திருக்க மாட்டீங்க.”

“பார்த்திருக்கிறேன்.”

இணையத்தில் இரண்டு நாட்களாக வோரனின் குரல் மாறியது பற்றியே பேச்சு என்றாள். பாதிப் பேர் கோமளாவைப் போல் ராணியின் சூழ்ச்சி என்கிறார்களாம். மீதிப் பேர் சேனலைத் திட்டுகிறார்களாம். வரும் ஞாயிறு பகுதிக்கு ஒரு விமர்சனம் வேண்டும்.

“இளசுங்க எழுதினா ‘செம’, ‘மொக்கை’ இந்த ரெண்டு வார்த்தைதான் மிஸ் வருது. எங்களைத் திருத்துறீங்க இல்ல, ஒரு வாரம் அந்த சீரியல்காரங்களைத் திருத்துங்க. சேனல்காரங்க நாங்க போடுறதைக் கவனிப்பாங்க.”

ஒப்புக்கொண்டேன். இரண்டு நிபந்தனை: முதலெழுத்துகள் மட்டும் போட வேண்டும், ஒரு சொல்லும் மாற்றக் கூடாது.

என்ன தொடர்பு உண்டு என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. விமர்சகர் கதையில் ஒரு பாத்திரமாக இருக்கக் கூடாது.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. கோமளா அதிரசம் கொண்டுவந்தாள். பாகு ஒரு கொதி முந்திவிட்டது, ஆனாலும் சொல்லவில்லை. நான் பென்சிலோடு உட்கார்ந்ததைப் பார்த்து, “பரீட்சையா ஆன்ட்டி?” என்றாள்.

இன்று வோரன் காயம்பட்ட மாலுமிப் பெண்ணைத் தோளில் சுமந்து கல் கோபுரத்தில் ஏறுகிறார். படம்பிடித்த விதம் நன்று. பகுதி முழுக்கப் பேச்சு மிகக் குறைவு. வருவதெல்லாம் மூச்சு. படிக்குப் படி மூச்சு. இழுத்து முடியும் இடத்தில் மெல்லிய ஒரு சீழ்க்கை, ஜன்னல் இடுக்கில் காற்று நுழைவதுபோல.

அதைக் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வந்தது. பென்சில் முனை ஒடிந்துவிட்டது. எழுந்து போய் அவர் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

“ஏன் ஆன்ட்டி, காத்தா அடிக்குது?” என்றாள் கோமளா.

காற்று இல்லை. ஏன் சாத்தினேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

தெருவெல்லாம் பட்டாசுக் குப்பை. குப்பை வண்டி வரவில்லை. மாநகராட்சிக்குப் புகார் சொன்னேன்.

விமர்சனம் முடிந்தது. படி எடுத்து வைக்கிறேன்.

“ ‘விண்மகுடம்’ தொடரின் இந்த வாரப் பகுதி ஓர் ஏற்றத்தின் கதை. ஒரு கிழவர் ஒரு பெண்ணைச் சுமந்துகொண்டு கோபுரம் ஏறுகிறார். அவ்வளவுதான். அவ்வளவே போதும் என்று துணிந்த இயக்குநரைப் பாராட்ட வேண்டும். மூன்று நிலவுகளின் ஒளியும் மூன்று நிறத்தில் படிக்கட்டில் விழுவது கண்ணுக்கு விருந்து.

மந்திரம் சொன்னால் கப்பல் ஓடுமென்றால் எரிபொருள் தீர்ந்துவிட்டதாகச் சென்ற மாதம் எல்லோரும் ஏன் அழுதார்கள் என்பதை யாராவது விளக்கினால் நல்லது. அரச குடும்பத்தார் பேசும் தமிழைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. அது தமிழாக இருந்தால் சொல்லலாம்.

தளபதி வோரனுக்குக் குரல் கொடுத்தவர் மாறியிருக்கிறார். இது ராணியின் சூழ்ச்சி என்று நம்புவோர் நம்பட்டும். முன்னவர் இனி வர மாட்டார் என்றே இவ்விமர்சகர் கருதுகிறார். புதியவர் இளைஞராக இருக்க வேண்டும். சொற்களைச் சுத்தமாக உச்சரிக்கிறார், நன்றி. ஆனால் மூச்சை ஆள அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு படியிலும் இரைப்பு, இரைப்பின் முடிவில் ஒரு சீழ்க்கை. நோயாளியின் படுக்கையருகே உட்காரவைத்தது போல் இருக்கிறது. முன்னவர் பேசிய காலத்தில் அவர் மூச்சுவிட்டதையே நாம் அறிந்ததில்லை. கலை என்பது அதுதான்.

தயாரிப்பாளர்கள் தயவுசெய்து இந்த மூச்சை நீக்கிவிடட்டும். வோரனுக்கு அந்த மரியாதையாவது மிஞ்சட்டும். – பி.ஞா.”

கடைசி வாக்கியத்தை இரண்டு முறை அடித்து மூன்றாம் முறை எழுதினேன். ‘மரியாதை’ என்ற சொல் சரியானதுதான்.

அக்டோபர் 26, ஞாயிறு

வந்துவிட்டது. ஒரு காற்புள்ளி தவிர எதையும் தொடவில்லை. மூன்று பிரதிகள் வாங்கினேன்.

மாலை கோமளா தானும் ஒரு பிரதியோடு வந்து எனக்கே படித்துக் காட்டினாள். “யாரோ பி.ஞா.வாம் ஆன்ட்டி. செம நக்கல். ஆனா கரெக்டாத்தான் எழுதியிருக்கா. எனக்கும் அந்தக் கொர்ருகொர்ரு ஒரு மாதிரியாத்தான் இருந்திச்சு.”

“பெண் என்று எப்படித் தெரியும்?”

“இவ்ளோ கோவம் வேற யாருக்கு வரும்?”

இன்றைய பகுதியிலும் மூச்சு அப்படியே. வோரன் வாள்காயத்தோடு ஒரு பாறையில் சாய்ந்து நிற்கிறார். அதே சீழ்க்கை. வரும் ஞாயிறு கடைசிப் பகுதி. அதற்குள்ளாவது திருத்துகிறார்களா பார்ப்போம்.

அக்டோபர் 29, புதன்

இதை முறையாக எழுத வேண்டும்.

நான்கு மணிக்கு நசீர் வந்தார். ஸ்டூடியோவின் ஒலிப்பதிவாளர், இருபத்தைந்து வருடமாக என் கணவரோடு வேலை செய்தவர். அடக்கத்தன்று பின்வரிசையில் நின்றிருந்தார், அன்று பேச இயலவில்லை. கையில் ஒரு துணிப்பை.

“அண்ணன் சாமான் கொஞ்சம் அங்கயே கெடந்துச்சு அண்ணி. பிளாஸ்க்கு, அப்புறம் ஏசிக்குப் போத்திக்கிற சால்வை.”

பிளாஸ்க் மூடியில் நான் நகப்பூச்சால் எழுதிய ‘ஞா’ அழியாமல் இருந்தது. உட்காரச் சொன்னேன். தேநீர் வைத்தேன். களைத்துப்போனவராகத் தெரிந்தார்.

“வேலை அதிகமா?”

“ரெண்டு நாளா தூங்கல அண்ணி. கடைசி எபிசோட நாளைக்குக் காலைல சேனலுக்கு அனுப்பியாகணும். எல்லாம் முடிஞ்சு சும்மா இருந்தோம். பேப்பர்ல எவளோ ஒரு கெழவி எழுதித் தொலைச்சுட்டா. மூச்சு விசிலடிக்குது, எடுன்னு. சேனல்காரன் அதை வெச்சுக்கிட்டு, மொத்த மூச்சையும் தொடச்சு எடுன்னுட்டான். ஆப்ல இருக்கற பழைய ரெண்டு எபிசோடையும் சேத்து. நேத்தே மாத்தியாச்சு.”

“அந்த இளைஞர் கற்றுக்கொள்ளட்டுமே.”

“எந்த இளைஞன்?”

“புதிதாகப் பேசுகிறவர்.”

நசீர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அது அந்தப் பையன் மூச்சு இல்ல அண்ணி. அண்ணன் மூச்சு.”

அவரே சொன்னார்.

“எங்க வேலைல வசனம் தனி, மூச்சு தனி. தனித்தனியா எடுத்து வெச்சுத்தான் சேப்போம். ஜூன்ல அண்ணன் சின்ன சிலிண்டரைத் தூக்கிக்கிட்டு ஆட்டோல வந்தாரு. ‘வீட்ல செக்கப்புன்னு சொல்லிட்டு வந்திருக்கேன், போட்டுக் குடுத்துடாத’ன்னாரு. கண்ணாடி வாசல் வரைக்கும் பேசிட்டாரு. அதுக்கு மேல வசனம் நிக்கல. ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை ஒடையுது. வேற ஆளைப் போட்டுக்கலாம்னு டைரக்டர் சொன்னாரு. அண்ணன் கோச்சுக்கல. ‘வசனத்த அந்தப் பையன் பேசட்டும் நசீர். மூச்ச நான் குடுத்துட்டுப் போறேன். படி ஏற மூச்சு, விழற மூச்சு, சாகற மூச்சு, எல்லாத்தையும் இன்னிக்கே எடுத்துக்க. இப்ப என்கிட்ட ஸ்டாக்கு நெறைய இருக்கறது அதான்’னாரு. நாங்க எல்லாம் சிரிச்சோம் அண்ணி. அப்படிச் சிரிச்சோம்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“குரல் மாறினாலும் மூச்சு ஒண்ணா இருந்தா ஜனங்க சீக்கிரம் பழகிடுவாங்கன்னு கணக்கு. பையனுக்கும் ஒரு தொணை. வோரன் குரல் அண்ணன் கட்டின வேஷம், உங்களுக்கே தெரியும். மூச்சுக்கு வேஷம் கட்ட அன்னிக்கு அவருக்குத் தெம்பு இல்ல. அது அவரோடதேதான்.”

தேநீர் இன்னும் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

“‘வீட்ல அண்ணி பாப்பாங்களா?’ன்னு கேட்டேன். ‘அவ பாக்க மாட்டா நசீர், அவளுக்குத் தமிழ் சுத்தமா இருக்கணும்’னு சொன்னாரு.”

“தமிழ் சுத்தமில்லைதான்” என்றேன்.

நசீர் சிரித்தார். பிறகு முகம் கடுத்தது. “அந்தப் பொம்பள யாருன்னு மட்டும் தெரிஞ்சா... இப்பப் போய் சாகற சீன்ல இருக்கறதை எடுக்கணும் அண்ணி. அதான் கடைசி. கையே போக மாட்டேங்குது.”

எடுக்காதீர்கள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் யார் என்று சொன்னால் போதும். ஏதாவது வழி பார்த்திருப்பார். அவர் எதிரே இருந்தார். வாயில் சொல் இருந்தது. நான் பிளாஸ்க்கை எடுத்துப்போய்க் கழுவினேன். நன்றாகக் கழுவினேன். அவர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, “வரேன் அண்ணி” என்றார். “போய் வாருங்கள்” என்றேன்.

அவர் போன பின் அறைக்கதவைத் திறந்தேன்.

அக்டோபர் 30, வியாழன்

காலை ஒன்பது மணிக்கு நசீருக்குத் தொலைபேசினேன்.

“நசீர், அந்தக் கிழவி நான்தான்.”

“என்னது அண்ணி?”

“பத்திரிகையில் எழுதியது. பி.ஞா. பிலோமினா ஞானப்பிரகாசம்.”

பின்னணியில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

“அண்ணி... உங்களுக்கா தெரியல?”

அவர் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. மெஷின் சத்தம் இருந்தது நசீர், என்றேன். கதவு மூடியிருந்தது, என்றேன். அவருக்கு என்ன விளங்கியதோ.

“நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அண்ணி. காலைல எட்டு மணிக்கு அனுப்பிட்டேனே.”

“திரும்பப் பெற முடியாதா?”

“கேட்டுப் பாக்குறேன்.”

“நீக்கிய மூச்சையாவது வைத்திருக்கிறீர்களா?”

“எல்லாம் சேனல் சொத்து அண்ணி. முடிஞ்சதும் அங்கயே திருப்பி அனுப்பிடணும், இங்க ஒண்ணையும் வெச்சுக்க விடமாட்டாங்க. கேட்டுப் பாக்குறேன். சாப்பிட்டீங்களா?”

அடுத்து வளர்மதி. என் விமர்சனத்துக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்றேன்.

“என்ன தப்பு மிஸ்? எல்லாரும் பாராட்டுறாங்க. சேனல்லயே ‘விமர்சகர்களின் கருத்துக்கு மதிப்பளித்து, மெருகேற்றப்பட்ட ஒலியில் இறுதிப் பகுதி’ன்னு விளம்பரம் போடுறாங்க.”

“நான் குறை சொன்ன மூச்சு அந்த இளைஞருடையது இல்லை. என் கணவருடையது. முன்னவருடைய குரலும் அவருடையதுதான்.”

“மிஸ்... சார்தான் வோரனா?”

“எழுதிக்கொள்.” சொல்லச் சொல்ல எழுதினாள். ‘வோரனின் மூச்சு குறையுடையது என்று எழுதியது என் பிழை. அது மறைந்த திரு. ஆ. ஞானப்பிரகாசம் அவர்களுடையது. கண்ணாடி வாசல் வரை வோரனாகப் பேசியவரும் அவரே. தயவுசெய்து அதை இருந்தபடியே விட வேண்டுகிறேன்.’

“ஞாயிறு பக்கம் அச்சுக்குப் போயிடுச்சு மிஸ். அடுத்த வாரம்தான் போட முடியும்.”

“அதற்குள் தொடர் முடிந்துவிடும்.”

“சேனல்ல நானே பேசிப் பாக்குறேன். மிஸ், அழறீங்களா?”

“இல்லை. முழுப் பெயரையும் போடு. ‘ஆ’வுக்குப் பிறகு புள்ளி மறக்காதே.”

மாலையில் கோமளாவின் கைபேசியில் அந்தக் கோபுரப் பகுதியைப் போடச் சொன்னேன். வோரன் படி ஏறுகிறார். செருப்புச் சத்தம் கேட்கிறது, காற்று கேட்கிறது. வாய் திறந்து திறந்து மூடுகிறது. வேறொன்றும் இல்லை.

“இப்ப நீட்டா இருக்கில்ல ஆன்ட்டி?” என்றாள்.

அக்டோபர் 31, வெள்ளி

இருவருமே தொலைபேசினார்கள். இருவருக்கும் ஒரே பதில்: இறுதி செய்தாயிற்று, தொட முடியாது.

சால்வையைத் துவைக்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். காலையிலேயே கூட்டம். வாசலில் செவ்வந்திக்கும் மெழுகுவர்த்திக்கும் நெரிசல். அவர் கல்லறைக்கு இன்னும் கல் வைக்கவில்லை, மண்மேடும் மரச்சிலுவையும்தான். மேட்டைக் கழுவ முடியாது என்பதால் நீர் தெளித்துத் தட்டிச் சமப்படுத்தினேன். பக்கத்துக் கல்லறைக் குடும்பம் இட்லிப் பொட்டலம் பிரித்து எனக்கும் ஒன்று கொடுத்தது. வாங்கிக்கொண்டேன்.

பங்குத்தந்தை இவ்வருடம் இறந்தோரின் பெயர்களை வாசித்தார். வேகமாக வாசித்தார். ஞானப்பிரகாசம் என்பதை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அவரிடம் எதுவும் சொல்லப்போவதில்லை.

மாலை ஏழு மணி. அறைக்கதவு திறந்திருந்தது. கோமளா ஒரு கிண்ணம் மிக்சரோடு வந்து தரையில் உட்கார்ந்து, “இன்னிக்கு நெஜ வோரன் வரப்போறாரு, பந்தயம்” என்றாள்.

அவளிடம் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். குரல் யாருடையது, மூச்சு யாருடையது, எழுதியது யார். அவள் கையிலிருந்த மிக்சரைக் கிண்ணத்தில் திருப்பிக் கொட்டினாள். நைட்டியில் கையைத் துடைத்தாள்.

“அங்கிளா?” என்றாள். “தெனம் கீழ வந்து ‘அரை லிட்டர் மாவும்மா’ன்னு கேப்பாரே, எனக்குக் காதுல விழாது, ரெண்டாவது வாட்டி கேக்கச் சொல்லுவேனே, அந்த அங்கிளா?”

“அவர்தான்.”

தரையிலிருந்து எழுந்து வந்து சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ராணி தோற்றாள். கண்ணாடி உடைந்தது. உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. கோமளா என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

கடைசிக் காட்சியில் வோரன் பனியில் கிடக்கிறார். மாலுமிப் பெண் அவர் தலையை மடியில் வைத்திருக்கிறாள். வசனம் இல்லை. இசையும் இல்லை, அவ்விடத்தில் இசை வேண்டாம் என்று எடுத்தவர்கள் நினைத்திருக்கிறார்கள், சரியான முடிவு. முகம் அருகில் வருகிறது. மார்பு எழும்புகிறது, தாழ்கிறது. வாய் திறக்கிறது. ஒரு சத்தமும் இல்லை.

“சவுண்டு போயிடுச்சா?” கோமளா ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டிக்கொண்டே போனாள். பெட்டியின் சொந்த இரைச்சல்தான் கூடியது, பக்கத்து அறையில் ஒரு மெஷின் ஓடுவதுபோல.

மார்பு மறுபடி எழும்பியது. அது எங்கே நிற்கும், எங்கே திரும்பும் என்று எனக்குத் தெரிந்தது. நான் இழுத்தேன். விட்டேன். அவர் வாய் திறந்தபோதெல்லாம் இழுத்தேன். முடியும் இடத்தில் உதட்டைக் குவித்து அந்தச் சீழ்க்கையையும் வைத்துப் பார்த்தேன்.

“என்ன ஆன்ட்டி, மூச்சு வாங்குதா?” கோமளா என் முதுகில் கைவைத்தாள்.

“ஆமாம். பேசாமல் இரு.”

வோரனின் மார்பு நின்ற பிறகு நானும் நிறுத்தினேன். பெயர்கள் ஓடின. நாய்க்குப் பயிற்சி கொடுத்தவர் வரை இருந்து பார்த்தோம்.

இறுதிப் பகுதி பற்றிய குறிப்பு: இரண்டு இடங்களில் வாயசைவுக்குப் பிந்திவிட்டேன். சீழ்க்கை சரியாக வரவில்லை.